வெட்டாத படம்

என் அன்பு மனைவிக்கு,

மகளும் நானும் நலம். நீயும் நலமென்றுதான் சொல்கிறாய். படத்தில் உன் கழுத்தெலும்பு வேறு மாதிரி சொல்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

கடையில் பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது. காலையில் நம் வாயாடிக்குச் சடை பின்னிவிட்டுத்தான் மெஷினில் உட்காருகிறேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற அப்பாவுக்கு வகிடு நேராக எடுக்க வரவில்லை என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாளாம்.

போனில் சொன்னால் நீ அழுதுவிடுவாய். வேலை பார்க்கிற வீட்டில் என்ன ஏது என்று கேட்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். அந்த வீட்டுக் குழந்தை உன் இடுப்பில் இருக்கிற படம். என் அக்கா பார்த்துவிட்டு, பிள்ளை ஏங்கிப்போகும், அந்தக் குழந்தையை வெட்டி எடுத்துவிட்டுக் காட்டு என்றாள். எனக்கும் சரியென்று பட்டது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தும் விட்டேன். அவனோ உன் தோளில் முகம் புதைத்து, உன் சட்டைக் கழுத்தை இறுகப் பிடித்திருக்கிறான். எங்கே வைத்து வெட்டினாலும் உன்னையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது.

அப்படியே அவளிடம் கொடுத்தேன். சன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"இந்தப் பாப்பாவோட அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள்.

வேலைக்குப் போயிருப்பாங்க என்றேன்.

"அப்ப இவனுக்கும் அம்மா வீட்ல இல்லையா?" என்றாள்.

நான் மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கினேன்.

படத்தைத் தன் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அவனுக்குப் பல் முளைத்துவிட்டதா, நீ தூக்கினால் உடனே தூங்கிவிடுவானா என்று தினமும் கேள்விதான். பொறாமை இல்லாமல் இல்லை. தூக்கிக்கொண்டே இருந்தால் அவன் எப்போது நடப்பான், கீழே இறக்கிவிடச் சொல்லு என்றாள் நேற்று.

இன்று கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்று மட்டும் எழுதச் சொன்னாள்.

"அம்மா இங்க வர்ற அன்னிக்கு, அந்தப் பாப்பா முழிச்சிருக்கறப்ப சொல்லிட்டுக் கிளம்பணும். தூங்கறப்ப கிளம்பிடக் கூடாது."

அழுவாளே என்றுதான் நீ கிளம்பிய அன்றைக்கு நாம் அவளை எழுப்பவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நீ மட்டும் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. இத்தனை நாளில் அவள் ஒரு தரம்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அவனிடம் சொல்லிவிட்டே கிளம்பு. ஆனால் கிளம்பு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
உன் கணவன்