மூணு புள்ளி

அன்பு மகன் ஷிஃபானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிரிலும் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், மாத்தளையில் நாங்கள் இருவரும் உயிரும் உடலுமாக இருக்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். உன் வாப்பா போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நான் தனியாக எடுத்தாலும் பக்கத்தில் வந்து நிற்பார். அவர் காதில் விழக்கூடாத ஒன்று இருக்கிறது. வாப்பாவிடம் கட்டக் கொடுத்த செபஸ்தியனுடைய தூண்டில் கோலுக்குத் தக்கைப் பிடி துளைத்த அன்று நான் அவரிடம் சொல்லாமல் விட்டது அது. துளைக்கிற பிட்டுகளில் ஒரு புள்ளிகூட இல்லை என்று நான் சொல்லவில்லை. பிட்டுகள் அவர் பக்கத்திலேயே இல்லை என்றும் சொல்லவில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். நீ அங்கே சொந்தமாக ஒரு கோல் கட்டப்போவதைச் சொன்னதும் வாப்பாவுக்கு முகமெல்லாம் பல். தக்கை வளையங்களை ஒட்டி நன்றாகக் காயவிட்ட பிறகுதான் துளைக்க வேண்டுமாம். இரும்புக்குப் போடும் சாதாரண பிட் வேண்டாம், அது தக்கையைக் கடித்து இழுத்து ஓட்டையின் வாயைப் பிய்த்துவிடும். நடுவில் முள்ளும் ஓரத்தில் வெட்டும் உள்ள மர பிட் வாங்கு. சின்னதில் தொடங்கி ஒவ்வோர் அளவாக ஏறு, அவசரப்பட்டு அழுத்தாதே, பாதி தூரம் போனதும் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளை. கோல் போகப்போக ஒடுங்குகிறதல்லவா, அதனால் பிடியின் மேல்முனை வந்து உட்காரும் இடத்தில் கோலின் பருமனை அளந்து, அதைவிட ஒரு அளவு சிறிய பிட்டோடு நிறுத்திக்கொள். மீதியை வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய். "தக்கையில வெட்டினத திரும்ப ஒட்டேலா, அவனுக்கு அவசரம் கூட, அத சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். இந்தப் பார்சலில் முப்பது வளையம் இருக்கிறது, நல்லதாகப் பார்த்து எடுத்தது.

இனி அந்த விஷயம். வாப்பாவின் பிட்டுகளில் நம்பர் தேய்ந்துபோய் என் கூடப்பிறந்த ராத்தா, உன் உம்மா, கியூடெக்ஸால் சிவப்புப் புள்ளி வைத்தது உனக்குத் தெரியும். பூசினால் தொழுகைக்கான வுழூ கூடாது என்று ராத்தா தன் நகத்தில் ஒருநாளும் பூசியதில்லை, அந்தப் போத்தலை வாங்கியதே பிட்டுகளுக்காகத்தான். சின்ன பிட்டுக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, அப்படியே ஏழு வரை. வாப்பா திரும்பிப் பார்க்காமல் இடது கையை நீட்டி மூணு புள்ளி என்பார், ராத்தா கையில் வைப்பா. அவ மௌத்தாகி அடக்கின பிறகு அவரே பெட்டியில் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் நிக்காஹாகி வந்த பிறகும் என்னிடம் கேட்டதில்லை, நானும் அவர் வேலை செய்யும் அறைக்குள் அதிகம் போவதில்லை. இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம், என் முகத்தையே குரல் வந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்.

போன மாத மழையில் அந்த அறைக்குள் தண்ணீர் வந்து பிட்டெல்லாம் துருப்பிடித்தது. நான் தின்னரில் ஊறவைத்துத் தேய்த்தேன், தின்னர் ரோஸ் நிறமானபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. துடைத்து எண்ணெய் பூசி, அவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஜன்னல் திண்டில் பேப்பர் விரித்து வரிசையாகக் காயவைத்தேன். சொல்வதற்காகப் பிளேன்டீயோடு போய் வாசலில் நிற்கிறேன், அவர் தக்கையை இடுக்கியில் பூட்டிவிட்டு இடது கையை நீட்டி "மூணு புள்ளி" என்றார். அந்தப் பக்கம் வெறும் சுவர். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு விரல்கள் மூடின, கையை இழுத்தபோது அதில் பிட் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் மகன், ஆனால் அது வந்ததைப் பார்க்கவில்லை. காலை பத்து மணி, நல்ல வெயில், அடுத்த வீட்டில் தேங்காய் துருவும் சத்தம். நான் வாசித்த பேய்க்கதைகளில் எல்லாம் ஒரு காற்றாவது வீசும். துளைத்து, அரம் போட்டு, பிடியைக் கோலில் இறக்கினார், உட்கார வேண்டிய இடத்தில் நூல் பிசகாமல் நின்றது. ஜன்னல் திண்டைப் போய்ப் பார்த்தேன், பேப்பரில் ஒரு பிட்டின் இடம் காலி, எண்ணெய்த் தடம் மட்டும் இருந்தது.

செபஸ்தியன் எல்கடுவயிலிருந்து வந்து கோலை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, "பாய், கண்ணு தெரியாமலே இப்பிடின்னா, தெரிஞ்சா நம்ம நாலந்தா கொளத்துல மீனே மிஞ்சாது போல இருக்கே, ஆஸ்பத்திரிப் பக்கம் போயிறாதீங்க" என்று சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. செபஸ்தியன் போன பிறகு வாப்பா என்னிடம் மெதுவாக, கண் ஒப்பரேஷன் வேண்டாம் என்றார். ஏன் என்றேன். "கண் தெரிஞ்சா கை நீட்ட வெக்கமா ஈக்கும் ஜஸ்லா. நீட்டாட்டி அவ எப்பிடித் தாற?" மௌத்தானவங்க வருவாங்க என்று நினைப்பது நமக்கு ஆகாது என்று நான் சொன்னேன். "அவ வாறல்ல. தாறா, அவ்வளவுதான்" என்றார். ஆறு வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறவள் நான், என்றாலும் எனக்கு வந்தது கோபமில்லை, பயம். அவ என்னைத் தூக்கி வளர்த்தவ, அவவுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? ஆனாலும் இப்போது அந்த அறையைக் கூட்டும்போது இடப்பக்கச் சுவருக்கு முதுகைக் காட்டாமல்தான் கூட்டுகிறேன்.

பயம் கிடக்கட்டும். கண்டியில் வருகிற மாதம் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் தள்ளினால் கண்ணில் அழுத்தம் ஏறும், போன பார்வை பிறகு வராது என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் சொன்னால் தன்னை ராத்தாவிடமிருந்து பிரிக்கிறேன் என்று நினைப்பார். நீ சொன்னால் மகன் சொல்கிறான் என்று கேட்பார். அதனால் புள்ளி அழிந்ததையோ நான் கண்டதையோ பேச்சில் எடுக்காமல், நீ கட்டப்போகும் கோலை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேள். இந்தக் கடிதத்தையும் வைத்து இந்த வாரம் பார்சல் போடுகிறேன், ஆனால் இது கைக்கு வரும்வரை காத்திருக்க நேரமில்லை, கடிதத்தைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்புகிறேன், வாசித்துவிட்டுப் படத்தை அழித்துவிடு.

காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குக் காதுவலி லேசில் வரும். சுபஹ் தொழுகையைத் தவறவிடாதே. துளைக்கும்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள், மறக்காதே. அல்லாஹ் உன் கண்ணுக்கும் கைக்கும் பறக்கத் செய்யட்டும், சோறும் சம்பாத்தியமுமான உன் ரிஸ்கை விசாலமாக்கட்டும். நீ என்னை உம்மா என்று கூப்பிடாததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நமக்குள் பதினொரு வயது வித்தியாசம்தானே.

துஆவுடன்,
உன் சாச்சி ஜஸ்லா

பின்குறிப்பு: தபால் வேலைநிறுத்தத்தால் பார்சல் இவ்வளவு நாளும் வீட்டிலேயே கிடந்தது. நீ பேசினாய், அவரும் கண்டிக்குப் போனார். வலது கண் முடிந்தது, நன்றாகத் தெரிகிறது. நேற்று செபஸ்தியனின் மச்சானுடைய கோலுக்குப் பிடி துளைக்க உட்கார்ந்தார். திரும்பாமல் கையை நீட்டி மூணு புள்ளி என்றார். கை அப்படியே நின்றது, வெகுநேரம் நின்றது. நான் உள்ளே போய் அளந்து பார்த்து ஒரு பிட்டை எடுத்து அதில் வைத்தேன். அவர் பிட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புள்ளி எங்கே என்று கேட்டார், தின்னரில் போய்விட்டது என்றேன். எப்போது என்றார், செபஸ்தியனுடைய கோலுக்கு முந்தி என்றேன். பிட்டைப் பூட்டித் துளைத்தார். நான் அளந்துதான் கொடுத்தேன், ஆனாலும் ஓட்டை பெரிதாகிவிட்டது, பிடி கோலில் நிற்காமல் வழுக்கிக் கீழே போனது. கோலில் இரண்டு இடத்தில் டேப் சுற்றி, பசை பூசி, நான் கோலைப் பிடித்துக்கொள்ள அவர் பிடியை இறக்கினார். இன்று காலை பிடியைத் திருகிப் பார்த்தோம். அசையவில்லை.