மாதாவின் இடப்பக்கத் தடியும் ஓஸ்தி டொக்டர்மாரும்

சேமக்காலையிலும் பக்கத்துக் கல்லறைக்காரரை நித்திரை கொள்ள விடாமல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் என் அன்பு மச்சான் மரியதாசுக்கு,

என் தங்கச்சி பிலோமினா சுகமாக இருக்கிறாள். காலையில் உன் படத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணி வைப்பாள். ஆறியதும் அதை நான் எடுத்துக் குடிப்பேன். சீனியே இல்லை. படத்தில் இருக்கிறவனுக்கும் சீனி வருத்தம் கூடிவிடும் என்று பயப்படுகிறாள், என்ன செய்ய?

நான் எழுத வந்தது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்தாயே, நினைவிருக்கிறதா? தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்று சொல்லப் போகிறாய் என நினைத்து அழுவதற்கு ஆயத்தமானேன். நீ சொன்னதோ, "டேய், திருவிழாவில என்ர தடியைத் தொம்மையிட்டக் குடுத்திடாதை. அவன் நெட்டையன். மாதா பின்பக்கம் சரிஞ்சு வானத்தைப் பாப்பா." அழ வந்தவன் சிரித்துவிட்டேன். நேர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னா. உனக்குச் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனேன்.

திருவிழாவில் மாதாவின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் ஏற்றி முன்னால் காவியது நாம் இருவரும்தானே. இடப்பக்கத் தடி உன் வலத்தோளில், வலப்பக்கத் தடி என் இடத்தோளில், நடுவில் உன் முறைப்பாடு. "என்ர பக்கம் பாரம் கூடடா." ஒவ்வொரு திருவிழாவிலும் இதே செபம். நானும் விடமாட்டேன். "பாரம் தடியில இல்லை மச்சான், உன்ர வயித்தில."

நீ போன கையோடு என் இடத்தோள் இறுகிவிட்டது. கை காதுக்கு மேல் எழும்பாது. சட்டை மாட்டிவிடப் பிலோமினா வரவேண்டும். தொம்மை தினமும் நான் ஓட்டோ ஓட்ட நிற்கிற இடத்துக்கு வந்து, "அண்ணை, கை எப்பிடி?" என்று கேட்பான். என்னை இவ்வளவு அன்பாக ஒருவரும் விசாரித்ததில்லை. பிறகுதான் தெரிந்தது, உன் தடியை அவனும் என் தடியை அவன் தம்பியும் காவுவதாகக் கோயில் சபையில் கதை அடிபடுகிறது என்று. உனக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

இந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமி என் ஓட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டி, எழுதின கடதாசித் துண்டு ஒன்றையும் தந்து, ஊரெல்லாம் அறிவிக்கச் சொன்னார். அமெரிக்காவிலிருந்து ஒஸ்டியோபதி மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் நம் ஊருக்குச் சேவை செய்ய வருகிறார்களாம். மற்ற டொக்டர்மார் படிக்கிற எல்லாம் படித்து, அதோடு எலும்பையும் தசையையும் கையால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யவும் படிக்கிறார்களாம். இதெல்லாம் பிறகு விளங்கியது. என் படிப்பு உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் பார்த்தது யன்னலுக்கு வெளியே நின்ற பூவரசைத்தான். அந்தச் சொல்லின் முன்பாதி 'ஓஸ்தி' என்று என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மிச்சத்தை ஸ்பீக்கர் இரைச்சலுக்குள் விழுங்கிவிட்டேன்.

"அன்பான மக்களே, வெளிநாட்டிலயிருந்து ஓஸ்தி மாணவர்கள் வருகினம். காலமை கோயில் மண்டபத்துக்கு வாங்கோ."

பூசையில் வெறும் வயிற்றோடு போய் நாக்கில் வாங்குகிற நற்கருணை அப்பம், அந்த ஓஸ்தியை விட்டால் நமக்கு வேறு ஓஸ்தி தெரியுமா? சனம் வெறும் வயிற்றோடு, முக்காடும் போட்டு, கைகூப்பி வரிசையில் வந்து நின்றது.

முதலாவது திரேசா மாமி. எதிரே டானியல் என்ற வெள்ளைக்காரப் பொடியன், தொம்மையையே குட்டையாக்கிவிடும் உயரம். மாமி கண்ணை மூடி நாக்கை நீட்டினா. அவன் சந்தோஷமாக டோர்ச் அடித்துப் பார்த்து "குட்" என்றான். மாமி "ஆமென்" என்று போய்க் கதிரையில் இருந்து செபிக்கத் தொடங்கினா. அடுத்தவரும் நாக்கு. அதற்கடுத்தவரும் நாக்கு. பிலோமினாவும் நீட்டினாள், உன்னோடு குடும்பம் நடத்திய காலமெல்லாம் நீட்டிய அதே நாக்கு.

டானியல் சாமியிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னான். சாமி என்னைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார். "கேக்க முன்னமே நாக்கைக் காட்டுற சனத்தை இவர் எங்கயும் காணேல்லையாம். யோசேப்பு, நீ என்னத்தை அறிவிச்சனீ?"

"நீங்கள் எழுதினதைத்தான் சாமி."

திரேசா மாமிக்கு விஷயம் விளங்கியதும் எழும்பிவிட்டா. "ராவு தொட்டு வாயில ஒண்டும் வைக்கேல்லை சாமி. ஓஸ்தி இல்லாட்டிப் பணிசாவது தாங்கோ." எல்லோருக்கும் பணிசும் தேத்தண்ணியும் வந்த பிறகுதான் வைத்தியம் தொடங்கியது.

என் முறை வந்தது. எனக்குப் பின்னால் தொம்மை, முதுகு நோவாம். என் கை எழும்புகிறதா என்று பார்க்க வந்த நோவு. டானியல் என் இடத்தோளில் விரலை வைத்ததும் உயிர் போனது. "நோ, நோ" என்றேன். அவன் உடனே கையை எடுத்துத் தள்ளி நின்றான். திரும்ப வந்து தொட்டான். "நோ" என்றேன். திரும்பவும் தள்ளிப் போனான். நான் நோகிறது என்கிறேன், அவன் பாஷையில் அது வேண்டாம் என்று அர்த்தம். தோள் இருந்தபடியே இருக்க, பொடியன் மட்டும் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான்.

கடைசியில் பிலோமினா சத்தம் போட்டாள். "அண்ணை, ஓம் எண்டு சொல்லு. அந்தச் சொல்லு இப்ப அந்தப் பிள்ளைக்கு விளங்கும், அப்பத்தான் தொடும்." கண்ணீர் ஒழுக ஒழுக "ஓம், ஓம்" என்றேன். அவன் நன்றாகவே தொட்டான்.

பிறகு அவர்களுடைய பெரிய டொக்டர் வந்து பார்த்தார். சாமி மெதுவாகச் சொன்னார். "கை எழும்பும் யோசேப்பு. ஆனா திருவிழாவுக்கிடையில இல்லை. இந்தத் தோளில பாரம் வைக்கவே கூடாதாம்." பின்னால் தொம்மையின் முதுகு நோ அந்த இடத்திலேயே சுகமாகிவிட்டது.

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன். உன்னை நினைத்தேன் மச்சான். டானியல் ஒப்பிட்டுப் பார்க்க என் வலத்தோளையும் அமத்தினான். பிறகு அதில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தான்.

"வலது தோள் எருது மாதிரி இருக்காம்," என்றார் சாமி.

வலது தோள். வலத்தோளில் காவுகிறவன் யார்? நீ. உன் தடிதான் எனக்கு. என் தடியைத் தொம்மை எடுத்துக்கொள்ளட்டும், அதைக் கொடுக்காதே என்று நீ சொல்லவில்லையே. எழும்பி நின்று அங்கேயே சொல்லிவிட்டேன். தொம்மையும் தலையாட்டினான், ஒரு தடியாவது கிடைத்ததே என்று.

சேவை போதாது, இன்னும் வேலை தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்க, சாமி அவர்களைச் சேமக்காலைக்கு வெள்ளை அடிக்க அனுப்பினார். டொக்டருக்குப் படிக்கிறவர்களை அங்கே கண்டதும், மறுநாள் வைத்தியத்துக்குச் சனம் வரக் கொஞ்சம் யோசித்தது. உன் கல்லறைக்கு அடித்தவன் டானியல். அடிக்க முதல் கையால் தடவித் தடவிப் பார்த்தான். உனக்கும் எங்கேயாவது இறுகியிருக்கிறது என்று நினைத்தானோ?

திருவிழாவும் வந்தது. மாதா வானத்தைப் பார்க்காமல் இருக்கத் தொம்மை முழங்காலை மடித்து நடக்கவேண்டும் என்பது என் கட்டளை. டானியல் அவன் பக்கத்தில் வந்து, அவன் நிமிரும்போதெல்லாம் தலையில் கை வைத்து அமத்தினான். கோயிலைச் சுற்றி வந்து சேர்ந்தபோது தொம்மையின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. அடுத்த முறை வருகிற பிள்ளைகளுக்கு வேலை தயார்.

ஆனால் மச்சான், கூட்டைத் தூக்கிய அந்த நிமிடம் உன் தடி என் தோளில் இறங்கியதே, என்னடா அது? என் பக்கத்தில் இத்தனை காலமும் அப்படி ஒரு பாரத்தை நான் காணவில்லை. கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தேன். மாதா குழந்தை யேசுவை ஏந்தியிருப்பது இடக்கையில். உன் பக்கம்.

உன் வயிற்றைப் பற்றிச் சொன்னதை நான் திருப்பி எடுக்கமாட்டேன், வயிறு வயிறுதான். ஆனால் இந்தக் கையால் சட்டை மாட்ட முடிந்தாலும் முடியாவிட்டாலும், இனி எல்லாத் திருவிழாவிலும் உன் தடி என் வலத்தோளில்தான். பாரம் கூட என்று வாய் திறக்கமாட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அப்படிச் சொல்வானா?

உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
உன் பக்கத்தில் நடக்கிற மச்சான் யோசேப்பு