அதே பாட்டு

பண்ணைப்புரம்

அன்பு மகன் கோட்டைச்சாமிக்கு அம்மா எழுதுவது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் கோட்டயத்துக்கு வாழைத்தார் ஏற்றி வரும் அம்மாவாசி மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி நாகராஜை வெட்டிய மூன்று பேரும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்த வீடியோ ஊரில் இன்னும் ஓடுகிறது. நான் பார்த்துவிடக் கூடாதென்று சித்தி மகள் விஜி தன் செல்லை ஒளித்துவைத்தாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் பக்கத்தில் நின்றவன் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்துவிட்டேன்.

சினிமாப் பாட்டு போட்டிருக்கிறார்கள். அருவாள் மெதுவாக இறங்குகிறது. முதல் வெட்டு தோளில். நாகராஜ் கையை நீட்டித் தடுத்தான், விரல்கள் போய்விட்டன. அடுத்தது கழுத்தில். செல்லைப் பிடித்திருந்தவன், "மூஞ்சி தெரியல, திருப்புடா" என்கிறான். உமாதேவி மகன் முத்துக்குமரன் காலரைத் தூக்கிவிட்டு நிற்கிறான். அப்புறம்தான் ரத்தம் நிற்காததைப் பார்க்கிறான். "ஏலே, எந்திரிடா. போதும்டா" என்று நாகராஜை உலுக்குகிறான். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவர்கள் அருவாளோடு போட்ட ரீலுக்கு, "தார் வெட்டத் தெரியாதவனுக்கு அருவா எதுக்குடா" என்று நாகராஜ் எழுதினானாம். அவ்வளவுதான் காரணம்.

படம் பார்த்துக் கெட்ட பிள்ளைகள் என்று அவர்கள் வக்கீல் சொன்னார். நாகராஜும் அதே படத்தை அவர்களோடு உட்கார்ந்துதான் பார்த்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நேற்று விஜி உன் ஸ்டேட்டஸைக் காட்டினாள். அருவாளோடு நிற்கிறாய். 'வாரேன்' என்று எழுதியிருக்கிறாய். அதே பாட்டு. உன் கூட்டாளிகள் நெருப்புப் படம் அனுப்பிக் கொண்டாடுகிறார்கள்.

உமாதேவியின் சின்னவன் எட்டாவது படிக்கிறான். உன் ஸ்டேட்டஸைப் பார்த்ததிலிருந்து பள்ளிக்கூடப் பையில் கத்தி வைத்திருக்கிறானாம். அவளே வந்து சொன்னாள். "மதினி, பெரியவன் செஞ்சதுக்கு என்னைய வெட்டச் சொல்லுங்க. சின்னவன விட்ரச் சொல்லுங்க" என்றாள். செருப்பைக் கழற்றி அடித்தேன். கை ஓயுமட்டும் அடித்தேன். நகராமல் நின்றாள். அவளைப் போகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஸ்டேட்டஸை இன்றைக்கே எடுத்துவிடு, சாமி. கருமாதிக்குப் பகல் பஸ்ஸில் வா. வெறுங்கையோடு வா. நாகராஜுக்கே நான் இன்னும் அழுது முடிக்கவில்லை.

நீ நல்லா இருக்கணும்.

அம்மா
மொக்கம்மாள்