ஆறாவது கண்ணாடி

உன் மேசையைக் காலி செய்யும் வேலை இன்று என்னிடம் வந்தது. இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்ட பஸ் டிக்கெட் கட்டு. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நீ தினமும் வந்துபோன டிக்கெட்டுகள். எழுத்து பாதி வெளுத்துவிட்டது.

கண்ணாடித் துண்டுக்குள் மயிரிழை போன்ற பாதைகளை முறுக்கி அடுக்கினால், ஓரத்தில் விட்ட ஒளி ஓரமாகவே ஒரே திசையில் போகும்; சில பாதைகள் பிசகியிருந்தாலும் சுற்றிக்கொண்டு போகுமே தவிரத் திரும்பாது. அதுதான் நம் ஆய்வு. எந்தப் பாதைகளைப் பிசக வைப்பது என்று டிக்கெட்டின் கடைசி எண்களைப் பார்த்து முடிவு செய்வாய். இதெல்லாம் ஒரு முறையா என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் குடுக்கிற நம்பர நம்புவ, கண்டக்டர் குடுக்கிற நம்பர நம்ப மாட்டியா? இன்னாடி நீ!"

ஐந்து கண்ணாடிகளிலும் ஒளி போய்ச் சேர்ந்தது. போதாது என்றேன் நான். பாதைகளை இரண்டு மடங்கு கலைத்து இன்னொரு கண்ணாடி செய்யச் சொன்னேன்.

"நீ நம்புறதுக்குள்ள நான் கெழவி ஆயிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே எண்களை எழுதித் தந்தாய். அவை வேலூர் டிக்கெட்டுகளின் எண்கள் என்று, கட்டின் அடியில் அந்த டிக்கெட்டுகளும் இருந்ததால் இன்றுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதை நீ சொல்லவில்லை. இளைத்திருந்தாய், நானும் கேட்கவில்லை.

செய்யக் கொடுத்த ஆறாவது கண்ணாடி வந்து சேர்ந்தபோது நீ உயிரோடு இல்லை. ஜன்னலில்லாத நம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு லேசரைப் போட்டேன். ஒரு சோதனை சரியாக வர வேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்பட்டேன். மூலையைத் தாண்டியிருக்க வேண்டிய வெளிச்சம், விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திட்டாக நின்றது. மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே திட்டு.

"அஞ்சு நல்லா வந்துச்சில்ல மேடம். ஆறாவது யாருக்குத் தெரியும்? பர்வாலேது, உட்டுடுங்க. அவங்க கடைசி பேப்பரு" என்றார் துறைத்தலைவர். கருணையோடுதான் சொன்னார்.

பத்து நாளாக அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். மறைத்தால் உன் ஐந்தையும் நானே நம்பமாட்டேன். காட்டினால் உன் கடைசி வேலையில் நானே விரிசல் வைத்தவளாவேன். வெளியே வந்தால் யாராவது கேட்பார்கள் என்று சாப்பாட்டைக்கூட உள்ளேயே சாப்பிட்டேன்.

ஒருமுறை, மங்கலாக விழுந்த படத்தை நான் ஒதுக்கியபோது சொன்னாய்: "வந்தத போடு. நல்லா இருக்கிறத மட்டும் போட்டா அது கல்யாண ஆல்பம்."

இன்று சாயங்காலம் கட்டுரையை அனுப்பிவிட்டேன். முதல் பெயர் உன்னுடையது. ஆறாவது படமும் இருக்கிறது. எவ்வளவு கலைத்தால் ஒளி சிக்கிக்கொள்ளும் என்பதற்கு நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். அந்த எல்லைக்கு உள்ளே, ஒளி திரும்பாது என்று நீ சொன்னது சரி. மூன்றாவது கண்ணாடியிலேயே எனக்கு அது தெரியும். உன்னிடம் சொல்லவில்லை.