ஈயத்தாள் ஒட்டிய பாதி

உன் மனைவி அனுப்பிய பார்சலைப் பிரித்ததும் பழைய தேயிலைப் பெட்டி வாசம் மூக்கில் ஏறியது. உன்னை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது என்று கூடவே ஒரு கடிதமும் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, மச்சான். கோபம்தான் வந்தது. பார்சலுக்குள் இருந்தது உன் சக்கரம்.

இதை நீ செய்த நாள் ஞாபகம் இருக்கிறது. வட்டகொடைத் தோட்டத்துப் பேக்டரியில் நீ எலக்ட்ரீசியன். உடப்புசல்லாவைப் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் நான். நடுவே நானுஓயா ரயில் ஸ்டேஷனில் தந்தி அடிக்கிறவர், நாம் மரியாதையாகத் தந்தி மாத்தையா என்று கூப்பிடுகிறவர். மூன்று பேரும் லைசென்ஸ் வாங்கி, கையால் கட்டிய வானொலி செட்டுகளில் மோர்ஸ் தட்டிப் பேசிக்கொண்டோம். அலைவரிசையைப் பிடித்து நிறுத்துகிற கிரிஸ்டல்கள் ஏலத்தில் மூன்று கிடைத்தன, மூன்றும் ஒரே அலைவரிசை. மலை மடிப்புகளுக்குள் வளைந்து போகிற தாழ்ந்த அலைவரிசை. மூவருக்கும் அந்த ஒரு பாதைதான். ஒருவர் தட்டினால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

அதில்தான் நீ பீக்கன் வைத்தாய். தன் அடையாள எழுத்துகளைத் தானே திரும்பத் திரும்ப அனுப்பும் கருவி. அது யார் காதில் விழுகிறதோ அவர்கள் இந்த ஊரில் கேட்டது என்று கார்டு போடுவார்கள். தேயிலைப் பெட்டிப் பலகையை வட்டமாக வெட்டி, பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைத் துண்டு துண்டாக நறுக்கி அதன் மேல் ஒட்டினாய். பழைய மின்விசிறி மோட்டார் அதைச் சுற்றும். கம்பி ஈயத்தாளில் பட்டால் சத்தம், வெறும் பலகையில் பட்டால் மௌனம். பாதிச் சக்கரத்தில் உன் எழுத்துகள். மறுபாதி வெறும் பலகை.

"இந்தப் பாதி நம்மளோடது, அந்தப் பாதி மத்தவங்களோடது" என்றாய். "அதுல யாராச்சும் குறுக்க கூப்பிட்டா ஒடனே நிப்பாட்டிருவேன். பக்கத்துல ஆளில்லாம இத ஓட விடக்கூடாது, தெரியுமா?"

தெரியும். உன் வாயால்தான் தெரியும். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் உனக்குக் கார்டு போட்டான். உன் சத்தம் கேட்டதாம், ஆனால் விட்டு விட்டுக் கேட்டதாம். உடனே ஐயாவுக்குத் தலை கால் புரியவில்லை! மறுபாதியிலும் ஈயத்தாளை ஒட்டிவிட்டாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, வீட்டைப் பூட்டி, அந்தக் கார்டுக்குச் சட்டம் போட அட்டனுக்கு ரயிலேறிப் போய்விட்டாய்.

அன்றைக்கு இங்கே மூன்றாவது நாளாக மழை. மலை சரிந்து ரோட்டில் விழுந்ததில் போன் கம்பமும் போய்விட்டது. மத்தியானம் தொழிலாளர் லயத்தில் ராசம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. என்னிடம் இருந்த ஊசியைப் போட்டேன், கேட்கவில்லை. நுவரெலியா பெரியாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்தே ஆக வேண்டும். நானுஓயாவுக்குத் தட்டினால் மாத்தையா போன் போட்டுவிடுவார். அதற்குத்தானே இருக்கிறது என்று ஓடிப்போய் செட்டைத் திறந்தேன்.

உன் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. சரி, இப்போது நிற்கும் என்று மோர்ஸ் தட்டும் சாவியில் விரலை வைத்துக் காத்திருந்தேன். நிற்கவில்லை. மறுபடியும் உன் எழுத்துகள். மறுபடியும். அந்த வெறும் பாதி வரவே இல்லை, பாவி.

உன் சத்தத்துக்கு மேலேயே தட்டிப் பார்த்தேன். என் பேட்டரி செட் எங்கே, உன் பேக்டரி கரண்டு எங்கே? வாசலில் ராசம்மாவின் புருசன் நனைந்துபோய் நின்றான்.

"ஐயா, பொட்டிக்குள்ள ஆளு பேசுறாங்களா?"

"பேசுவாங்க, இரு" என்றேன்.

ஒரு மணி நேரம் அப்படிப் பொய் சொன்னேன். பிறகு கங்காணியை மண்சரிவின் மேலேயே நடத்தி அனுப்பினேன். டாக்டர் சேற்றில் ஏறி வந்து சேர்ந்தபோது ராசம்மா போய்விட்டாள். "கொஞ்சம் முந்தி சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். தந்தி மாத்தையா பிறகு கண்கலங்கிச் சொன்னார்: "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் ஐயா. அவர் சத்தம் மட்டும்தான் வந்திச்சி."

நடந்ததை உனக்கு எழுதினேன். நீ பதில் போடவில்லை. அன்றோடு உன் பீக்கனும் நின்றது. எட்டு வருடம், ஒரு வரி இல்லை.

இப்போது உன் மனைவி எழுதுகிறார்: "தெனம் நாலு மணிக்கு ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காருவாருங்க. சாவியத் தொடவே மாட்டாரு. என்னத்த கேக்குறீங்கன்னா, அவன் கூப்பிடுவான்னு சொல்லுவாரு."

நான் கூப்பிட வேண்டுமா? தப்பு செய்தவன் நீ, கூப்பிட வேண்டியவன் நானா? அட மடையா, நானும் வேலை முடிந்து, நாம் வழக்கமாகப் பேசுகிற அதே நேரத்தில் அதே அலைவரிசையில்தான் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ தட்டுவாய் என்று. பாதை முழுக்கக் காலியாகக் கிடந்தது. நாம் இரண்டு பேரும் ரொம்ப ஒழுங்காக மற்றவனுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தோம்.

சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபாதி ஈயத்தாளை நகத்தாலேயே பிய்த்திருக்கிறாய். பலகைச் சிராய் கூட பெயர்ந்து வந்திருக்கிறது. இதைக் காட்டினால் நான் ஆறிவிடுவேன் என்று நினைத்தாயா? ஆறவில்லை.

நேற்று ராசம்மாவின் மகள் இருமல் மருந்துக்கு வந்தாள். எட்டு வயது. மேசையில் கிடந்த சக்கரத்தை விரலால் சுற்றினாள்.

"ஐயா, எங்கம்மாவுக்காக நீங்க பொட்டியில கூப்பிட்டீங்களாமே? ஏன் யாருக்கும் கேக்கல?"

"மழை" என்றேன்.

அவள் அப்பனுக்கும் அதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன். மழை போன் கம்பத்தைத்தான் சாய்த்தது, இந்த அலையை அது ஒன்றும் செய்யவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு வருடமாக உன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். நீயாக ஒருநாள் வந்து சொல்வாய் என்று உண்மையை உனக்காகவே விட்டு வைத்திருந்தேன். நீ சொல்லாமலே போய்விட்டாய்.

மருந்து தீர்ந்ததும் வெள்ளிக்கிழமை போத்தலோடு அவள் வருவாள். சக்கரத்தை மேசையிலேயே வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மழை என்று சொல்லமாட்டேன்.