கரும்பலகை வரிசையில் உன் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் மகள் வாலு மூன்று பேரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடையில் குழாய் வியாபாரம் சுமார், மோட்டார் பரவாயில்லை.

பள்ளியில் வாலுவுக்கு மின்னூல் வகுப்பு வேண்டாம், எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள் என்று போன வாரம் போனில் கோபப்பட்டாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே நீ கூப்பிட்டால் சாப்பிட்டேன், சரி என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அம்மா கையில் போனைத் திணித்துவிட்டு ஓடுகிறாள், இன்னொரு திரையும் சேர்ந்தால் பெற்றவளையே மறந்துவிடுவாள் என்று நீ அழுதது இரண்டு நாள் என் காதிலேயே இருந்தது. ஆகவே வகுப்பு வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டுதான் செவ்வாய்க்கிழமை பள்ளி நூலகத்துக்குப் போனேன். போனதும் முதலில் என் மானம்தான் போயிற்று. பள்ளிக்கு நான் மின்னூல் நன்கொடை கொடுத்தேன் அல்லவா, கிழியப்போகிறதா தேயப்போகிறதா, தலைப்புக்கு ஒன்று போதும் என்று வாங்கியிருந்தேன். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியுமாம். இத்தனை வருஷம் கடை நடத்தியவன், ஒரே குழாயை வாங்கி முப்பது வீட்டுக்குத் தண்ணீர் விடப் பார்த்திருக்கிறேன். நூலகத்து டீச்சர் சிரிக்கக்கூட இல்லை. "விடுங்க ஐயா, காத்திருக்கவும் கத்துக்கட்டும்" என்றார்.

அவர் வேலை செய்வதை நீ பார்க்க வேண்டும். சின்ன அறை, தரையில் பாய், சமையலறையில் தட்டு செருகும் கம்பி அடுக்கில் டேப்லெட்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டு பிள்ளைக்கு ஒன்று. இருவரும் படித்து முடிக்கும்வரை கை மடியில்தான் இருக்க வேண்டும், அப்புறம்தான் பக்கம் தள்ளலாம். ஒருத்தி சரசரவென்று தள்ளிக்கொண்டே போனாள். டீச்சர் அதட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து யானை எந்தப் பக்கம் போச்சு என்று மட்டும் கேட்டார், பிள்ளை திருதிருவென்று விழித்துவிட்டுத் தானே பின்னால் திருப்பினாள். தெரியாத சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் வருகிறது, அதைத் தன் வார்த்தையில் சொல்லிக் காட்டினால்தான் அடுத்த வரி. வீட்டுக்கு எடுக்கிற புத்தகத்துக்குக் கரும்பலகையில் வரிசை. நாள் முடிந்தால் அது தானாகத் திரும்பிப் போய்விடும், ஆனாலும் முன்பே முடித்தவர்கள் அடுத்தவருக்காக 'திருப்பிக் கொடு' பொத்தானை அழுத்த வேண்டும், கதையின் முடிவைச் சொல்லாமல் ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். முன்பல் இல்லாத ஒரு வாண்டு நம் வாலுவைப் பார்த்து, "முடிச்சிட்டியா, இல்ல புக்கு மேலயே தூங்குறியா?" என்று கேட்டது, எனக்கு என் கடையில் சரக்குக்கு நிற்கிறவர்களின் குரல் மாதிரியே இருந்தது.

வாலு வைத்திருந்தது நான் கொடுத்த திமிங்கலக் கதை. என் போனில் நாலு நாளாகப் படித்து முடித்திருந்தாள், ஆனால் பொத்தானை அழுத்த மாட்டேன் என்றாள். ஏன் என்று டீச்சர் கேட்டார். "எங்கம்மா பேரு வரிசையில இல்லையே டீச்சர்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சேர்த்துட்டா போச்சு என்று டீச்சர் சாக்பீஸை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே 'வாலுவின் அம்மா' என்று எழுதிவிட்டார். பெற்றவர்களும் மூன்று நாளைக்கு எடுக்கலாமாம். வாலு உடனே பொத்தானை அழுத்திவிட்டாள்.

தபாலுக்கு நேரமில்லை, இதைப் படம் பிடித்து, புத்தகத்தைத் திறக்கிற இணைப்போடு உன் போனுக்கு அனுப்புகிறேன். புத்தகம் இப்போது உன்னிடம், மூன்றே நாள். உனக்கு அடுத்தது அந்த முன்பல் இல்லாதவள், அவளுக்கு நீ சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாலு உன்னிடம் வாங்கிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை காலை கூப்பிடு, போன் அவள் கையில்தான் இருக்கும், எங்களிடம் வராது. வகுப்பு வேண்டாம் என்று எழுதிய தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன், முன்பக்கத்தை நீ படிக்க வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசி. பொத்தானை அழுத்த மறந்துவிடாதே, பின்னால் ஆள் நிற்கிறது.

உன் அப்பா