மூன்று மூங்கில் சுறாக்களும் ஒரு பிராக்டிகலும்

அக். 6, திங்கள்

வெயில். ஆயுத பூஜை லீவு முடிந்து விலங்கியல் லேப் திறப்பு. அட்டெண்டர் பழனிசாமி அண்ணன் எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருக்கிறார். மூங்கில் சுறா பாட்டில் மூன்றிலும் சந்தனம், குங்குமம். லேபிள் மட்டும் இல்லை.

"அழுக்கா இருந்துதுங்க மேடம், சுரண்டிப்போட்டேன்." சிரிப்பு வேறு. திட்ட வாய் வரவில்லை.

வியாழன் பிராக்டிகல். நான் பொறுப்பேற்கும் முதல் தேர்வு. ஹெச்.ஓ.டி.: "சொதப்புனீங்கன்னா அடுத்த செமஸ்டர் லேப் உங்களுக்கு இல்லீங்க." மிரட்டலிலும் மரியாதை குறையவில்லை.

அக். 7, செவ்வாய்

பவளப்பாறைத் தரையில் ஒட்டிக்கிடக்கிற சுறாவுக்குக் கோவையில் உட்கார்ந்து நான் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். ஃபார்மலினில் ஊறி மூன்றும் ஒரே வறக்காப்பி நிறம். பட்டை, புள்ளி எல்லாம் போச்சு. கையுறை, டிரே, லென்ஸ்.

பாட்டில் 1: விலாவில் இரு பக்கமும் நீள மேடு. ஒடிசல் மூங்கில் சுறா.
பா. 3: முதுகுத் துடுப்பின் பின் ஓரம் உள்வளைவு. பட்டை மூங்கில் சுறா.
பா. 2: இரண்டும் இல்லை. சாம்பல் மூங்கில் சுறா.

மூன்று தடவை பார்த்தாச்சு. சந்தேகமே இல்லை. ஒரே குஷி. பஸ்ஸில் பக்கத்து அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அக். 8, புதன்

தூறல். ரிவிஷன். மாணவி கீர்த்தனாவிடம் பா. 1 காட்டினேன். மீனைப் பார்க்கவே இல்லை.

"மூடி உடைஞ்சதுங்களா? சாம்பலுங்க மேடம். ஊறுகாய் பாட்டிலாட்ட இருக்கறது ஒடிசலுங்க." சீனியர்கள் சொல்லிக்கொடுத்ததாம்.

அடக் கடவுளே! அப்படியானால் பா. 1, பா. 2 இரண்டிலும் பழைய லேபிளே மாற்றி ஒட்டியது. எத்தனை வருஷமாக? நான் படித்ததும் இதே லேப். நானும் மூடியைப் பார்த்துத்தான் பாஸ். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. முப்பத்திரண்டு பேரையும் உட்காரவைத்து, துடுப்பையும் விலாவையும் தடவித் தடவிப் பார்க்க வைத்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

அக். 9, வியாழன்

எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் உடுமலைக்காரர். தங்கமான மனிதர், பல வருஷமாக இங்கேதான் வருகிறார். திருத்தினார். பா. 1, பா. 2: முப்பத்திரண்டு பேருக்கும் தப்பு போட்டிருக்கிறார். ஹெச்.ஓ.டி. என்னை முறைக்கிறார். லேப் போனால் போகட்டும் என்று ஒன்றாம் நம்பரை எடுத்து டிரேயில் போட்டேன். "விலாவுல தடவிப் பாருங்க சார்."

தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் தடவினார். ஹெச்.ஓ.டி.க்குக் கேட்காத குரலில், "ஏனுங்க மேடம், மீனை எப்பங்க மாத்துனீங்க?"

"மாத்தலீங்க சார். இப்பத்தான் பாக்கறோம்."